மலைக்குளிரும் கார் சிடியும்



கொல்லிமலையின் காரவள்ளி அடிவாரத்தில் நன்றாகப் பாடிக்கொண்டிருந்த சிடி அது. 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, செம்மேட்டில் ராத்தங்கி, விடிகாலையில் காரை எடுத்தால் பாட மறுக்கிறது. 'எரர்' என்று காட்டுகிறது. பிளேயர் போய்விட்டது என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் போயிருக்காது.

கொல்லிமலைக் குளிரில் கார் இரவெல்லாம் சில்லிட்டுக் கிடக்கிறது. காலையில் நாலு பேர் ஏறிக் கதவைச் சாத்தியதும் மூச்சுக்காற்றின் ஈரம் கண்ணாடியில் படிகிறதல்லவா? பிளேயருக்குள்ளே மிளகளவில் ஒரு லென்ஸ் இருக்கிறது, அதிலும் அதே ஈரம் படியும். லேசர் ஒளி அதைத் தாண்டிக் குவிய முடியாது. சிடியை வெளியே எடுத்துவிட்டு அரை மணி, ஒரு மணி நேரம் பொறுங்கள். வெயில் ஏறி ஈரம் காய்ந்ததும் தானே பாடும். திரும்பத் திரும்ப சிடியைத் திணிப்பதுதான் கெடுதல்.

மேடுபள்ளத்தில் மட்டும் பாட்டு குதித்தால் அது அதிர்வால். எல்லாச் சாலையிலும் பாட்டின் ஒரே இடத்தில் குதித்தால் சிடியைப் பாருங்கள். பளபளக்கும் பக்கத்தைத்தான் எல்லோரும் பொத்திப் பொத்திப் பாதுகாக்கிறோம். உண்மையில் நோஞ்சான், பெயர் அச்சிட்ட மேல்பக்கம். பாட்டைத் தாங்கும் அலுமினியப் படலம் அங்கே மெல்லிய பூச்சுக்கு அடியிலேயே இருக்கிறது. அங்கே கீறினால் பாட்டே உரிந்துவிடும். கீழ்ப்பக்கத்திலோ ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் தடிமனான பிளாஸ்டிக் காவல் நிற்கிறது.

துடைக்கும்போது மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராக இழுங்கள். வட்டமாகத் தேய்க்கவே கூடாது. பாட்டின் தடம் வட்டமாகச் சுற்றுகிறது. அதன் வழியே விழும் கீறலைப் பிளேயரால் ஈடுகட்ட முடியாது. குறுக்கே விழும் சிறு கீறலைச் சமாளித்துக்கொள்ளும். சிடியின் மேல் காகித லேபிள் ஒட்டாதீர்கள். காரின் சூட்டில் அது கழன்று உள்ளே சிக்கிக்கொள்ளும். சிக்கியதைக் கத்தியால் நெம்பாமல் மெக்கானிக்கிடம் விடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடையில் வாங்கிய பாட்டு சிடிகள் அச்சில் வார்த்தவை. கம்ப்யூட்டரில் பதிவுசெய்தவையோ சாயத்தில் எழுதியவை. வெயிலில் அந்தச் சாயம் வெளுக்கும். தாத்தா பாடியதோ குழந்தையின் மழலையோ அப்படியொரு சிடியில் இருந்தால், காரில் போட்டு வைக்காதீர்கள். இந்த வாரமே நகல் எடுத்துவிடுங்கள்.