ஆறுமணிக்குருவி



திருவண்ணாமலை என்றதும் கார்த்திகைத் தீபமும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையும் நினைவுக்கு வருகின்றன. தீபத்துக்கு முன்னரே அம்மலையை நாடி வரும் வேறொரு கூட்டமும் உண்டு. வலசைப் பறவைகளையே சொல்கிறேன்.

சென்ற ஐப்பசியில் ஒருநாள் விடியற்காலையில், மாணவர் சிலரை மலையடிவாரக் காட்டுக்கு அழைத்துச் சென்றேன். ஓடைக்கரையில் வாலாட்டிக் குருவி ஒன்று நடை பயின்றது. வானில் தகைவிலான்கள் பூச்சி பிடித்துத் திரிந்தன. மணி ஆறு ஆகும் வேளையில், புதர் ஒன்றிலிருந்து இரட்டைச் சீழ்க்கை ஒலி எழுந்தது. அனைவரும் அசையாமல் நின்றோம்.

அதுதான் ஆறுமணிக்குருவி. காலையும் மாலையும் ஏறக்குறைய அந்நேரத்தில் குரல் கொடுப்பதால் மக்கள் இட்ட பெயர் அது. பச்சை முதுகு, சிறகில் நீலம், அடிவயிற்றில் செம்மை, கண்ணை ஒட்டிக் கரும்பட்டை, குட்டை வால். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்தபின், இரவில் பறந்து தெற்கே வருகிறது. வழியில் களைத்து வீட்டு முற்றங்களில் விழுந்துவிடுவதும் உண்டு.

"ஐயா, இந்தச் சருகைப் பெருக்கிவிட்டால் பறவை நன்றாகத் தெரியுமே!" என்றான் ஒரு மாணவன். நான் விடை சொல்லுமுன் பறவையே சொல்லிவிட்டது. தத்தித் தத்தி வந்து, சருகைப் புரட்டி, அடியிலிருந்த புழுவை எடுத்து விழுங்கியது. சருகு இல்லையேல் அதற்கு இரை இல்லை.

முன்பு இம்மலைச் சரிவுகளில் பெரும்பகுதி மொட்டையாகக் கிடந்தது. கோடைதோறும் காய்ந்த புல்லில் தீ பரவி, தளிர்த்த கன்றுகளையும் பொசுக்கியது. 1980களின் பிற்பகுதி முதல் தன்னார்வலர்கள் கன்றுகளை நட்டும், தீப் பரவாதபடி புல்லை அகற்றி இடைவெளி அமைத்தும், பற்றிய தீயைத் தழைகளால் அடித்து அணைத்தும் பாடுபட்டு வருகின்றனர். கன்றுகள் மரமாயின, மரம் இலை உதிர்த்தது, இலை சருகாயிற்று. ஒரு சாண் சருகுக்குப் பின்னே பல ஆண்டு உழைப்பு இருக்கிறது. அதை அழிக்க அணைக்காமல் எறிந்த தீக்குச்சி ஒன்று போதும்.

குருவி சித்திரை வாக்கில் வடக்கே திரும்பிவிடும். ஐப்பசியில் மீண்டும் பசியோடு வரும். விருந்தினருக்கு இலை போடுவது நம் மரபு. இந்த விருந்தாளிக்கு மரமே இலை போட்டு வைத்திருக்கிறது. அது எரியாமல் காப்பது ஒன்றே நம் கடமை.