பதவி ஒழிந்ததா, ஆள் ஒழிக்கப்பட்டாரா?

(உத்தியோகத்தர்களும் கமக்காரர்களும் கூடிய கூட்டம் ஒன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



கம்பனி ஒன்று தன் ஊழியருக்குக் கடிதம் கொடுக்கிறது. "வியாபாரம் மந்தம், உமது பதவி இனித் தேவையில்லை" என்கிறது. இருபது ஆண்டுகள் உழைத்தவர் தமது மேசையை ஒழித்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்புகிறார். சில மாதங்கள் கழிகின்றன. அதே கம்பனியின் விளம்பரம் நாளிதழில் வருகிறது. பதவியின் பெயர் புதிது. செய்ய வேண்டிய வேலை பழையது. விளம்பரத்தின் அடியில், "வயது 35க்கு மேற்படலாகாது" என்று ஒரு வரி.

இதைக் கண்டவர் என்ன நினைப்பார்? பதவி ஒழிந்தது என்று சொல்லி அனுப்பினார்களே, ஒழிந்த பதவிக்கு ஆள் எதற்கு என்று கேட்பார். அந்தக் கேள்வியைச் சட்டத்தின் முன் வைத்து, விடை தேடுவதே என் பேச்சின் நோக்கம்.

முதலில் நியாயமாகப் பேசுவோம். ஆட்குறைப்பு எல்லாமே சூழ்ச்சி என்று நான் சொல்லவில்லை. 2020 இல் நோய்த்தொற்றும் 2022 இல் பொருளாதார வீழ்ச்சியும் இந்த நாட்டின் பல தொழில்களை நிலைகுலையச் செய்தன. தொழில் மூழ்கினால் முதலாளியோடு தொழிலாளியும் மூழ்குவார். ஆகவே ஆட்குறைப்புக்குச் சட்டம் இடங்கொடுக்கிறது. 1950 ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் ஆட்குறைப்பு என்றால் என்னவென்று கூறுகிறது: தொழிலை நடத்துவதற்குத் தேவையான தொகைக்கு மேலதிகமாக உள்ளவர்களை நீக்குதல். "மேலதிகம்" என்பதே அதன் உயிர்நாடி. நீக்கப்பட்டவரின் இடத்தில் இன்னொருவர் அமர்த்தப்பட்டால், அங்கே மேலதிகம் எதுவும் இருந்ததில்லை. ஆளை மாற்றுவதற்கு ஆட்குறைப்பு என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள், அவ்வளவே.

அப்படி மாற்றப்படுபவர் பெரும்பாலும் மூத்தவராக இருப்பது ஏன்? ஆண்டுதோறும் உயர்ந்த அவருடைய சம்பளம் இப்போது கணக்கரின் கண்ணை உறுத்துகிறது. புதிய இயந்திரம் அவருக்குப் பிடிபடாது என்று, பழக்கிப் பார்க்காமலே முடிவு கட்டுகிறார்கள். உரிமையைக் கேட்டுப் பழகியவர் என்பதும் ஒரு காரணம். நாற்பத்தெட்டு வயதில் வேலை இழந்தவர் அடுத்த கந்தோரின் வாசலுக்குப் போனால், அங்கும் "35க்கு மேற்படலாகாது" என்ற வரியே அவரை வரவேற்கிறது. பிள்ளை பல்கலைக்கழகத்தில், வீட்டுக் கடன் வங்கியில், ஊழியர் சேமலாப நிதியோ அறுபதுக்கு முன்பே கரைகிறது.

எமது சட்டம் என்ன பாதுகாப்புத் தருகிறது? 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம், அதாவது வேலையாட்களின் தொழிலை முடிவுறுத்தல் விசேட ஏற்பாடுகள் சட்டம், வலிமையான சட்டம். ஒழுக்காற்று நடவடிக்கை தவிர்ந்த காரணத்துக்காக ஒருவரை நீக்குவதானால், அவருடைய எழுத்து மூலமான சம்மதம் முன்கூட்டியே வேண்டும். இல்லையேல் தொழில் ஆணையாளரின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். இரண்டுமின்றி நீக்கினால் அந்த நீக்கம் செல்லாது. மீண்டும் வேலையில் அமர்த்தும்படி ஆணையாளர் கட்டளையிடலாம்.

ஆனால் இந்த வேலிக்குப் பொட்டுகள் உண்டு. பதினைந்து பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் இடங்களுக்கு இச்சட்டம் பொருந்தாது. எமது பட்டினங்களிலுள்ள கடைகளையும் சிறு தொழிலகங்களையும் எண்ணிப் பாருங்கள். எத்தனை பேர் வேலிக்கு வெளியே நிற்கிறார்கள்! அடுத்தது, "சம்மதம்" என்ற சொல். விருப்ப ஓய்வு என்ற பெயரில் ஒரு தாளை நீட்டி, "இன்றே ஒப்பமிட்டால் இவ்வளவு தருவோம்; நாளை வந்தால் இதுவும் இல்லை" என்று சொன்னால், அச்சத்தில் இட்ட ஒப்பமும் ஏட்டில் சம்மதமாகவே நிற்கும்.

நட்டஈட்டுக் கணக்கையும் பாருங்கள். முதல் ஐந்து ஆண்டு சேவைக்கு ஆண்டொன்றுக்கு இரண்டரை மாதச் சம்பளம். 6 முதல் 14 ஆம் ஆண்டு வரை இரண்டு மாதம். 15 முதல் 19 வரை ஒன்றரை மாதம். 20 முதல் 24 வரை ஒரு மாதம். 25 முதல் 34 வரை அரை மாதம். மொத்தம் 48 மாதச் சம்பளத்துக்கு மேற்படாது. அதற்கும் மேல், 2021 இல் விதிக்கப்பட்ட 25 இலட்சம் ரூபா என்ற உச்சவரம்பு. மாதம் ஓர் இலட்சம் பெற்று இருபது ஆண்டு சேவை செய்தவருக்குக் கணக்குப்படி 39 இலட்சம். உச்சவரம்புப்படி 25 இலட்சம். சேவை நீள நீள, ஒவ்வோர் ஆண்டின் விலையும் குறைகிறது. வயது சென்றவரை அனுப்புவது முதலாளிக்கு மலிவாகும்படி கணக்கே அமைந்திருக்கிறது.

2021 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் தனியார் துறையில் ஓய்வுபெறும் வயது அறுபதுக்குக் குறையலாகாது என்கிறது. இதுவும் பதினைந்து பேருக்குக் குறையாத தொழிலகங்களுக்கே உரியது. ஐம்பத்தைந்தில் "ஓய்வு" என்று அனுப்ப முடியாத கம்பனி, ஐம்பதில் "மேலதிகம்" என்று அனுப்பப் பார்க்கலாம் அல்லவா?

அரசியலமைப்பைப் புரட்டினால் 12 ஆம் உறுப்புரை இருக்கிறது. இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கொள்கை, பிறந்த இடம் ஆகியவற்றால் பாகுபாடு கூடாது என்கிறது. அந்த வரிசையில் வயது இல்லை. அதோடு, அடிப்படை உரிமை வழக்கு அரசின் செயலுக்கு எதிராகவே தொடரப்படலாம். தனியார் கம்பனிக்கு எதிராக அன்று.

இனி வெளிநாடுகளைப் பார்ப்போம். இந்தியா 1953 இல் தனது தொழிற் பிணக்குச் சட்டத்தைத் திருத்தியது. கடைசியாக வந்தவரே முதலில் போக வேண்டும் என்பதைப் பொது விதியாக்கியது. நீக்கிய பின் மீண்டும் ஆள் எடுப்பதானால், நீக்கப்பட்டவர்களுக்கே முதலிடம் என்றது. 2020 இல் இயற்றப்பட்டு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டக்கோவை அந்த முதலிடத்தை ஓராண்டுக்குள் சுருக்கிவிட்டது. ஆயினும் கொள்கை நிற்கிறது. 1982 இல் சர்வதேசத் தொழில் நிறுவனம் வெளியிட்ட 166 ஆம் பரிந்துரையும் இந்த முதலிடத்தை ஏற்கிறது.

அமெரிக்கா வேறு வழியில் சென்றது. 1967 இல் இயற்றிய சட்டத்தால், நாற்பது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை வயது காரணமாக நீக்குவதையும் சேர்க்க மறுப்பதையும் தடுத்தது. 1996 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் முன் ஒரு வழக்கு வந்தது. ஐம்பத்தாறு வயதினரை நீக்கி நாற்பது வயதினரை அமர்த்தியிருந்தனர். புதியவரும் நாற்பதை எட்டியவர்தானே என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. அவர் கணிசமாக இளையவரா என்பதே பார்க்கத்தக்கது என்றது. 1990 ஆம் ஆண்டின் சட்டமொன்று, கூட்டமாக ஆட்களை நீக்கி, வயது வழக்குத் தொடரோம் என்று எழுதி வாங்க விரும்பும் முதலாளி, எந்தெந்தப் பதவியில் எந்தெந்த வயதினர் தெரிவு செய்யப்பட்டனர், எவ்வயதினர் விடப்பட்டனர் என்ற பட்டியலைக் கொடுக்க வேண்டும் என்கிறது. யோசிக்க 45 நாள். ஒப்பமிட்ட பின் மனம் மாற 7 நாள்.

அங்கும் எல்லாம் நலம் என்று எண்ண வேண்டாம். ஐ.பி.எம். நிறுவனம் ஐந்து ஆண்டுகளில் நாற்பதும் அதற்கு மேலும் ஆன அமெரிக்க ஊழியர் ஏறத்தாழ 20,000 பேரை வெளியேற்றியதாக 2018 இல் புரோப்பப்ளிக்கா என்ற செய்தி நிறுவனம் மதிப்பிட்டு எழுதியது. திறமை காலாவதியானது என்று அனுப்பப்பட்ட சிலர், குறைந்த ஊதியத்துக்கு ஒப்பந்தக்காரராக அதே வேலைக்கு அழைக்கப்பட்டனர் என்றும் எழுதியது. வயதுப் பாகுபாடு நிகழ்ந்தது என நம்ப நியாயமான காரணம் உண்டு என்று 2020 இல் அந்நாட்டுச் சமவாய்ப்பு ஆணைக்குழு கண்டது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது.

ஆக, இந்தியாவில் திரும்ப அழைக்கப்படும் உரிமை உண்டு. தனியார் துறையில் வயதுப் பாகுபாட்டுக்கு எதிரான பொதுச் சட்டம் இல்லை. அமெரிக்காவில் வயதுச் சட்டம் உண்டு. திரும்ப அழைக்கப்படும் பொது உரிமை கூட்டரசுச் சட்டத்தில் இல்லை. எமக்கு இரண்டும் இல்லை.

"இது கந்தோர்க்காரர் பாடு, கமக்காரருக்கு என்ன?" என்று சிலர் கேட்கலாம். கமக்காரர் இந்த நியாயத்தை எவரையும் விட நன்கு அறிவார். குத்தகைக்கு வயல் செய்தவரைக் காணிக்காரர் நினைத்தபடி எழுப்பிவிட்டு, அதே வயலை மறுபோகம் வேறொருவருக்குக் கொடுத்த காலம் இருந்தது. 1958 இல் பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் அந்த வழக்கத்தின் மேல் கை வைத்தது. இன்று நடைமுறையிலுள்ள 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்திலும், முறையின்றி எழுப்பப்பட்ட குத்தகைக் கமக்காரர் வயலைத் திரும்பப் பெற வழி உண்டு. வயலில் வியர்வை சிந்தியவருக்கு வயலின் மேல் ஓர் உரிமை உண்டென்று சட்டம் ஏற்றுக்கொண்டது. கந்தோரில் இருபது ஆண்டு உழைத்தவருக்கு அதை ஏன் மறுக்க வேண்டும்? காணியை ஈடு வைத்துக் கமக்காரர் படிப்பித்த மகனல்லவா அந்தக் கந்தோரில் இருக்கிறான்?

இன்னொரு வாதமும் உண்டு. "முதியவர் விலகினால்தானே இளைஞருக்கு வேலை கிடைக்கும்?" என்பார்கள். இளைஞருக்கு வேலை வேண்டும். அதில் இரு கருத்தில்லை. ஆனால் தந்தையைத் தள்ளிய வாசலால் உள்ளே போகும் மகன், தானும் நாற்பத்தைந்தில் அவ்வாசலாலேயே தள்ளப்படுவான். அவனுக்குக் கிடைப்பது குறைந்த சம்பளத்தில் தற்காலிக வேலை. தந்தையையும் மகனையும் மோதவிட்டு இலாபம் காண்பவர் மூன்றாமவர்.

ஆகவே நாம் கோர வேண்டியவை நான்கு. ஆட்குறைப்பின் பின் இரண்டாண்டுகளுள் அதே வேலைக்கு, எப்பெயரில் ஆள் எடுத்தாலும், நீக்கப்பட்டவர்களை முதலில் அழைக்க வேண்டும். நீக்கப்பட்டோர், விடப்பட்டோர் வயதுப் பட்டியலை ஆணையாளரிடமும் ஊழியரிடமும் கையளிக்க வேண்டும். சம்மதப் பத்திரத்துக்கு யோசனைக் காலமும் மீளப்பெறும் காலமும் வேண்டும். வேலைக்குச் சேர்ப்பதிலும் நீக்குவதிலும் வயதுப் பாகுபாட்டைத் தனியார் துறையிலும் சட்டம் தடுக்க வேண்டும்.

சட்டம் வரும் வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. தாளை நீட்டினால் அன்றே ஒப்பமிடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டு வாருங்கள், தொழிற்சங்கத்திடமோ சட்டத்தரணியிடமோ காட்டுங்கள். நியமனக் கடிதத்தையும் சம்பளச் சீட்டுகளையும் பத்திரப்படுத்துங்கள். பழைய வேலைக்குப் புதிய விளம்பரம் வந்தால் திகதியோடு வெட்டி வையுங்கள். "பதவி தேவையில்லை" என்ற கடிதத்துக்கு அதைவிடச் சிறந்த மறுமொழி வேறில்லை. பதினைந்து பேருக்குக் குறைவான இடத்தில் வேலை செய்தவரும் தொழில் நியாய மன்றுக்குப் போகலாம். நீக்கப்பட்டு ஆறு மாதத்துள் போக வேண்டும். ஒப்பந்தத்தின் எழுத்துக்குக் கட்டுப்படாமல், நீதியும் ஒப்புரவுமான கட்டளையை வழங்க அந்த மன்றுக்கு அதிகாரம் உண்டு. நாட்களைத் துக்கத்தில் கழித்துவிட்டு ஏழாம் மாதத்தில் வருபவருக்கு எந்தச் சட்டத்தரணியாலும் உதவ முடியாது.

நண்பர்களே, இந்த நான்கு கோரிக்கைகளையும் உங்கள் சங்கங்களிலும் கமக்காரர் அமைப்புகளிலும் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். வாக்குக் கேட்டு வருபவரிடம் கொடுத்து, பாராளுமன்றத்தில் இதற்கு என்ன செய்வீர் என்று கேளுங்கள். பதவி ஒழிந்தது என்று சொல்பவர் அதை மெய்ப்பிக்கட்டும். மெய்ப்பிக்க முடியாவிட்டால், அந்த இடம் அதில் உழைத்தவருக்கே திரும்ப வரட்டும்.