யாருக்கும் பிடிக்காத நிறம்

கடைக்காரர் கண்ணைப் பறிக்கும் நிறத்தைத் தேடுவார். ஆஸ்திரேலிய அரசோ யாருக்குமே பிடிக்காத ஒரு நிறத்தைத் தேடியது! புகைபிடிப்பவர்களிடமே பல நிறங்களைக் காட்டிக் கருத்துக் கேட்டார்கள். கடைசியில் தேறியது பச்சை கலந்த அழுக்குப் பழுப்பு.

2012 டிசம்பர் 1 முதல் அந்த நாட்டில் எல்லா சிகரெட் பெட்டிக்கும் அதே நிறம்தான். சின்னம் கிடையாது, மினுமினுப்பு கிடையாது. பிராண்டு பெயர்கூட ஒரே மாதிரி எழுத்தில்தான். முன்பக்கத்தில் முக்கால் பங்கு இடத்தை நோயின் படமும் எச்சரிக்கையும் பிடித்துக்கொண்டன.

சிறுவர் கையில் முதல் சிகரெட்டைக் கொடுப்பதில் பளபளப்பான பெட்டிக்கும் பங்கு உண்டு என்பதால்தான் இத்தனை பிடிவாதம்.

கம்பெனிகள் சும்மா விடுமா? நாட்டின் தலைமை நீதிமன்றம் வரை போய், 2012 ஆகஸ்டில் தோற்றன. உலக வர்த்தக அமைப்பில் சில நாடுகள் தொடுத்த வழக்கிலும் 2018-இல் ஆஸ்திரேலியாவே வென்றது. அதற்குள், 2016-லேயே பிரான்சும் பிரிட்டனும் இதே வழிக்கு வந்துவிட்டன.