நிறுவை ஒன்று, நீதியும் ஒன்று
(தோட்டக் கிளைப் பொதுக்கூட்டத்தில் கிராணியார் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



"வேலைத்தளத்தில் அனைவருக்கும் சம உரிமை" என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். நகரங்களில் இதற்கென மண்டபம் பிடித்துப் பேசுகிறார்கள். நமக்கோ பெரட்டுக்களமும் பால் ஸ்டோர் தராசுமே மண்டபம்.

இது நமக்குப் புதிய பேச்சா? 1941-ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் முன்னோர் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளர் பெறும் கூலியை எங்களுக்கும் கொடு என்றார்கள். எங்கள் பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்து என்றார்கள். துரைமார் முன்னும் கிராணிமார் முன்னும் சைக்கிளை விட்டு இறங்கமாட்டோம் என்றார்கள். பட்டாளம் வந்தது, துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் போயின. முன்நின்ற ஆர். எச். நாதன் கைதானார். கூலியையும் மானத்தையும் அவர்கள் ஒரே கோரிக்கையாகக் கேட்டார்கள் என்பதை நாம், குறிப்பாக என்னைப் போன்ற கிராணிமார், மறக்கலாகாது.

இன்று வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் நம்மோடு தோட்டங்களில் உழைக்கிறார்கள். "இவர்கள் வந்ததால்தான் நம் கூலி உயரவில்லை" என்று லயத்தில் முணுமுணுப்பு எழுகிறது. தோழர்களே, குறைந்த கூலிக்கு வந்தவர்கள் என்ற பேரை அன்று சுமந்தவர்கள் நாமல்லவா? வாய் திறக்க அஞ்சும் ஒரு தொழிலாளி இருக்கும்வரை, நாம் கேட்கும் கூலிக்கும் வலு இராது. அவரைச் சங்கத்தில் சேர்ப்பது தருமமல்ல, நமக்கே பாதுகாப்பு.

அநீதி பெரும்பாலும் சின்ன இடத்தில்தான் ஒளிந்திருக்கிறது. நல்ல நிரை யாருக்கு, பால் வற்றிய மரம் யாருக்கு? மெட்ரோலாக் காட்டும் எண்ணைப் பால் கொண்டுவந்தவர் பார்க்கிறாரா? எல்லாருக்கும் ஒரே அளவு என்பதும் போதாது. கர்ப்பிணிப் பெண்ணுக்கு மலைச்சரிவு நிரையைக் கொடுத்துவிட்டுச் சமம் என்பது கணக்கு, நீதியன்று.

சட்டம் இன்று ஓரளவு நம் பக்கம் இருக்கிறது. 1-1-2023 முதல் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தப்படி, பிரசவ விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாயிற்று. வாரத்துக்கு 48 மணி வேலை 45 மணியானது. பாலியல் தொல்லை பற்றிய அறிவிப்பை முதலாளி வேலையிடத்தில் கண்ணில் படும்படி ஒட்டியாக வேண்டும். பாகுபாடு காட்டப்பட்டால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். ஆனால் சட்டம் தானாக நடந்து நிரைக்குள் வராது. நாம்தான் கொண்டுவர வேண்டும்.

ஆகவே நம் கிளைக்கு நான்கு வேலைகளை முன்வைக்கிறேன். ஒன்று, நிரைகளை முறைவைத்து மாற்றி, அதை எழுதி ஒட்டச் செய்வோம். இரண்டு, நிறுவையும் மெட்ரோலாக் எண்ணும் பால் கொண்டுவந்தவர் கண்முன் எழுதப்பட வேண்டும். இது கிராணிமாராகிய எங்கள் பொறுப்பு. மூன்று, அறிவிப்புகள் தமிழிலும் மலாயிலும் வங்காளத்திலும் இருக்க வேண்டும். நான்கு, கிளைக் குழுவில் பால்மரம் வெட்டும் பெண்கள் இடம்பெற வேண்டும். தேநீர் கலக்க அல்ல, தீர்மானம் கொண்டுவர!

தோழர்களே, பால் வாளியில் விழுந்தபின் அது எந்தச் சாதிக்காரர் வெட்டியது, எந்த நாட்டார் வெட்டியது என்று தெரியாது. தராசுக்கும் தெரியாது. தராசு பிடிக்கும் கையும் அப்படியே இருக்கட்டும்.

வாழ்க தொழிலாளர் ஒற்றுமை!