நான்கு மொழிகள் ஒலித்த மன்றம்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



இந்நன்னாளில் வாழ்த்துரை வழங்குமாறு பணித்தீர்கள். வாழ்த்தோடு, அண்மையில் என் பேத்தியுடன் சென்று கண்ட ஒரு கட்டடத்தைப் பற்றியும் சில சொல்ல விழைகிறேன். சிங்கப்பூர் ஆற்றங்கரையில் நிற்கும் பழைய நாடாளுமன்றக் கட்டடமே அது.

மேக்ஸ்வெல் என்னும் வணிகருக்காகக் கட்டடக் கலைஞர் ஜார்ஜ் கோல்மன் 1827இல் கட்டி முடித்த மாளிகை அது. வணிகர் அதில் குடியேறவில்லை; அரசுக்கு வாடகைக்கு விட்டார். நெடுங்காலம் நீதிமன்றமாக விளங்கிய அவ்விடம், 1954இல் சட்டமன்றமாகவும், 1965இல் நாடு விடுதலை பெற்றபின் நாடாளுமன்றமாகவும் ஆயிற்று. 1999இல் நாடாளுமன்றம் அருகிலுள்ள புதிய கட்டடத்துக்குச் சென்றது. 2004இல் இது 'ஆர்ட்ஸ் ஹவுஸ்' என்னும் பெயரில் கலைக்கூடமாக மலர்ந்தது. சட்டம் இயற்றிய இடத்தில் இன்று கவிதை படிக்கிறார்கள்.

முகப்பில் ஒரு வெண்கல யானை நிற்கிறது. 1871இல் சிங்கப்பூருக்கு வருகை தந்த சயாம் மன்னர் சூளலங்கோர்ன் அதன் நினைவாக அளித்த பரிசு. பீடத்தில் சயாம், ஜாவி, சீனம், ஆங்கிலம் என நான்கு எழுத்துகளில் வாசகம் உண்டு. பேத்தி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தமிழ் எங்கே?" என்று கேட்டாள். என் உள்ளம் குளிர்ந்தது, மறுகணமே சுருக்கென்றது. ஏனெனில் அவள் கேட்டது ஆங்கிலத்தில். அதனினும் வெட்கம், நான் விடை சொன்னதும் ஆங்கிலத்தில்தான்.

உள்ளே பழைய மன்றக் கூடத்தில் உறுப்பினர் இருக்கைகளைக் கண்டோம். பீடத்தில் இடம்பெறாத தமிழ், அக்கூடத்தில் இடம்பெற்றது. மலாய், ஆங்கிலம், மாண்டரின், தமிழ் ஆகிய நான்கில் எதிலும் நாடாளுமன்றத்தில் பேசலாம் என்று அந்நாட்டு அரசியலமைப்பின் 53ஆம் பிரிவு கூறுகிறது. இவ்வுரிமை எளிதில் வாய்ப்பதன்று. ஆயினும் சட்டம் இருக்கை தரும், நாவைத் தராது. எழுந்து பேச ஆளில்லையேல் இருக்கை வெறும் மரம்.

அன்பர்களே, பத்தாண்டுகளாக நாம் கூடிக் கவிதை படித்தோம், ஒருவருக்கொருவர் கைதட்டினோம். நம் வீட்டுப் பிள்ளைகளுள் எத்தனை பேர் அவற்றைக் கேட்டார்கள்? இக்கேள்வியை முதலில் என்னிடமே கேட்டுக்கொள்கிறேன்.

ஆதலின் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் தம் இல்லத்திலிருந்து ஓர் இளையவரை அழைத்து வருவோம். அவர்கள் தடுமாறித் தமிழ் படித்தாலும் திருத்த விரையாமல் கேட்போம். என் பேத்தி வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள். இம்முறை நான் கேட்டது தமிழில். அவள் "சரி தாத்தா" என்றதும் தமிழில்தான்.

வட்டம் வளர்க.