பேட்ச் வந்தாச்சு, அவசரம் எவ்வளவு?

அசோக் நகர்ல, பில்லர் பக்கத்துல ஒரு சின்ன ஆடிட்டர் ஆபீஸ். 2017-ல அங்கே இருந்த அஞ்சு கம்ப்யூட்டரையும் நான்தான் பார்த்துக்கிட்டேன். மார்ச் 14-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் எம்.எஸ்.17-010 என்ற பேட்சை வெளியிட்டது. "தம்பி, இப்போ எதையும் தொடாதப்பா, வருஷக் கணக்கு முடியட்டும்"னு சார் சொன்னார். நானும் விட்டுட்டேன்.

இன்னைக்கா இருந்தா மூணு கேள்வி கேட்டிருப்பேன்.

ஒண்ணு, யாரும் எதையும் கிளிக் பண்ணாமலே உள்ளே வர முடியுமா? முடியும். ஓட்டை இருந்தது விண்டோஸின் ஃபைல் ஷேரிங் வேலையைச் செய்யும் எஸ்.எம்.பி. பகுதியில். ஒரு மெஷின் மாட்டினா, அதே நெட்வொர்க்ல பேட்ச் போடாத மத்ததுக்கும் தானா தாவும்.

ரெண்டு, நம்மகிட்ட அந்தப் பகுதி திறந்திருக்கா? எங்க டேலி டேட்டா முழுக்க ஷேர் ஃபோல்டர்லதான்!

மூணு, தாக்குற கருவி வெளியே வந்தாச்சா? ஏப்ரல் 14-ஆம் தேதி 'ஷேடோ புரோக்கர்ஸ்' கும்பல், அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ. உருவாக்கிய எடர்னல்புளூவை இணையத்தில் கொட்டியது. அன்னைக்கே நான் முழிச்சிருக்கணும். முழிக்கலை.

மே 12, வெள்ளிக்கிழமை, வானாக்ரை கிளம்பியது. பேட்ச் வந்து 59 நாள். ஃபைல்களைப் பூட்டி, பிட்காயின்ல பணம் கேட்டது. சுமார் 150 நாடுகள். பிரிட்டன் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. நம்ம ஒரகடத்து ரெனோ-நிசான் ஆலையும் பாதிக்கப்பட்டது.

சனிக்கிழமை காலைல ஓடிப்போய் எல்லா நெட் கேபிளையும் பிடுங்கினேன். பென்டிரைவ்ல பேட்சைக் கொண்டுபோய் ஒவ்வொண்ணா போட்டேன். எங்களுக்கு ஒண்ணும் ஆகலை. திறமைன்னு சொல்லிக்க மாட்டேன், அதிர்ஷ்டம்.

சாரோட பயமும் நியாயம்தான். பேட்ச் போட்டப்புறம் டேலி திறக்கலைன்னா? அதுக்கும் வழி இருக்கு. பேக்கப் எடுத்து, அதைத் தனியா கழட்டி வைங்க. ஒரு மெஷின்ல மட்டும் பேட்ச் போட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்க. அப்புறம் மத்தது.

முதல் ரெண்டு கேள்விக்கும் பதில் 'ஆமாம்'னா, ஒரு வாரத்துக்குள்ள முடிங்க. மூணாவதும் 'ஆமாம்'னா அன்னைக்கே. பேட்ச் வந்த நிமிஷம், ஓட்டை எங்கேன்னு திருடனுக்கும் தெரிஞ்சுடும். அவனுக்கு வருஷக் கணக்கெல்லாம் கிடையாது.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம். அதுக்கு முன்னாடி, தள்ளிப்போட்ட அந்த அப்டேட்டைப் போட்டுடுங்க!