கோட்டை வாயில் முத்திரை



நம் தரங்கம்பாடிக் கோட்டைத் தெருக்களுக்குள் காரில் வந்தாலும் சைக்கிளில் வந்தாலும் அந்த வெள்ளை வாயிலைத் தாண்டித்தான் வருகிறோம். 1792-இல் கட்டியது. அடுத்த முறை வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அதன் உச்சியை அண்ணாந்து பாருங்கள். டென்மார்க் அரச முத்திரை இருக்கும். அப்போது அங்கே அரசர் ஏழாம் கிறிஸ்டியன். நம் ஊரைக் கண்ணால் கண்டறியாதவர். ஆனாலும் மாட்டுவண்டியில் நெல் கொண்டு வந்தவருக்கும், தலைச்சுமையாக மீன் கொண்டு வந்தவருக்கும், இது யாருடைய ஊர் என்று அந்த முத்திரைதான் சொல்லியது.

அது சொன்னது முழுக் கதை அல்ல. 1620-இல் டேனியர்கள் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் செய்துகொண்டுதான் இங்கே டேன்ஸ்போர்க் கோட்டையை எழுப்பினார்கள். டென்மார்க் அரசருக்கு நாயக்கர் பொன்னேட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் பாதுகாப்பாக இருக்கிறது. ஆண்டுக்கு 3,111 ரூபாய் தஞ்சைக்குச் செலுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. மிளகும் துணியும் ஏற்றிச் செல்ல வந்தவர்கள் குத்தகை கொடுத்துத்தான் இங்கே குடியிருந்தார்கள். முத்திரையில் இதற்கு இடமில்லை.

இராஜ வீதியில் புது எருசலேம் ஆலயத்தின் முகப்பைப் பார்த்திருப்பீர்கள். அங்கேயும் ஓர் அரச முத்திரை, நான்காம் பிரெடெரிக்குடையது. 1718-இல் அந்த ஆலயத்தை எழுப்பியவர் மிஷனரி சீகன்பால்கு. 1706-இல் இங்கே வந்திறங்கிய அவரை அனுப்பி வைத்ததே அந்த அரசர்தான். ஆனால் 1708-இல் அதே அரசரின் கொடி பறந்த கோட்டையில் அவரைப் பிடித்து அடைத்துப் போட்டார்கள். சில மாதச் சிறை. வெளியே வந்து அச்சகம் நிறுவினார். 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறி முடிந்தது. அந்தச் சிறையை நினைத்துக்கொண்டு ஆலய முகப்பைப் பார்க்கும்போது என் நெஞ்சு கனத்துப் போகிறது.

அரசர்கள் பெயர் பொறிப்பது டேனியரோடு தொடங்கியதல்ல. கடலோரம் நிற்கிற மாசிலாமணிநாதர் கோயில் 1306-இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. சடங்கன்பாடியான குலசேகரன்பட்டினம் என்கிறது அங்குள்ள கல்வெட்டு. அந்தக் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. பாண்டியன் பெயரும் ஊரோடு ஒட்டவில்லை.

1845-இல் டேனியர்கள் இந்த ஊரையும் வங்கத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றார்கள். ஊரில் இருந்த ஒரு குடும்பத்தையாவது கேட்டுவிட்டா விற்றார்கள்? 1861-இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தது. வணிகம் அங்கே போனது. நம் துறை வெறிச்சோடியது. வலை போடுகிறவர்கள் மட்டும் எங்கேயும் போகவில்லை. 2004 டிசம்பர் 26-இல் கடல் பொங்கி வந்து அவர்கள் வீடுகளைத்தான் முதலில் வாரிச் சுருட்டியது.

அந்த முத்திரையைப் பெயர்க்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அது பத்திரமாக இருக்கட்டும். மழைக்காலத்துக்கு முன்னால் ஆண்டுதோறும் சுண்ணாம்புப் பூச்சைப் பார்த்துச் சரி செய்யட்டும். நான் கேட்பது வேறு. வாயிலைக் கடந்ததும் சாலையோரத்தில் ஒரு கருங்கல்லை நடுங்கள். பாண்டியன் கல்வெட்டில் தொடங்கி அதில் தமிழில் எழுதுங்கள். குத்தகைத் தொகையை எழுதுங்கள். 1733-இல் இங்கே குருப்பட்டம் பெற்ற ஆரோனின் பெயரைப் பொறியுங்கள். புராட்டஸ்டன்ட் சபையின் முதல் தமிழ்க் குரு அவர். விலை பேசி விற்ற ஆண்டை எழுதுங்கள். சுனாமியில் போனவர்களின் பெயர்களை, அவர்கள் வீட்டார் சம்மதத்தோடு, ஒன்று விடாமல் பொறியுங்கள். வாசகத்தை எழுதியதும் மீனவர் தெருவில் ஒரு முறை உரக்கப் படித்துக் காட்டி, அவர்கள் திருத்தம் சொன்ன பிறகு உளியை எடுக்கட்டும்.

இதைத் தீர்மானமாக இந்த அவையில் முன்மொழிகிறேன். வழிமொழிகிறவர்கள் கை தூக்குங்கள்.